கோதுமையில் கொஞ்சம் கம்பு

நல்லூர், திருப்பூர்
9 ஜனவரி 2025

கண்ணு தமிழ்மதிக்கு,

மாமா எழுதுகிறேன். நீ இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும்.

செல்போனில் பேசினால் எனக்குப் பாதி வார்த்தை விழுவதில்லை. நிட்டிங் மெஷின்களுக்கு நடுவே நின்று நின்று போன காது. நான் கத்திக் கேட்டு, நீ கத்திப் பதில் சொல்லும் விஷயமும் இல்லை இது. உன் அத்தை பக்கத்திலேயே இருப்பாள். அதனால்தான் கடிதம்.

திங்கட்கிழமை பிரகாஷின் கேஸ் விஷயமாகக் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். ஆகஸ்ட்டில் அவன் பைக்மேல் காரை ஏற்றி அவன் உயிரை எடுத்த பிரபாகரை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். முப்பது வயது இருக்கும். ஏதோ எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலையாம். முரடனாக இருப்பான் என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படி இல்லை. நம் பிரகாஷைப் போலவே சட்டையை இன் பண்ணி, கையில் ஒரு ஃபைலோடு நின்றிருந்தான். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் வக்கீல் தடுத்தும் கேட்காமல் வந்து காலில் விழுந்துவிட்டான். "ஐயா, நான் குடிகாரனில்லீங்க. ரெண்டு பாட்டில் பீருங்க, அவ்வளவுதானுங்க. நிதானமாத்தான் வந்தனுங்க" என்றான். எழுந்திரு என்றுகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பெண் பார்க்க வந்த சமயத்திலேயே பிரகாஷ் என்னிடம் மறைக்காமல் சொன்னான், பொண்ணு பெங்களூரில் பீர் தயாரிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறது என்று. படித்த பிள்ளை, உங்களுக்குள் சரியென்றால் எனக்கும் சரி என்றேன். சொந்தக்காரர்களிடம் மட்டும் உணவு கம்பெனி என்று சொல்லி வைத்தேன். அதன் பிறகு உன் வேலையைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். எனக்குத் தெரிந்தவர்களில் இதைப் பற்றி அறிந்தவள் நீ ஒருத்திதான்.

அவன் சொன்னது உண்மையாக இருக்குமா? இரண்டு பாட்டில் பீர் குடித்தால் மனுசனுக்கு நிதானம் இருக்குமா, இருக்காதா? எல்லாம் அதே மஞ்சள் தண்ணீர்தானே. அதில் ஏறுவது, ஏறாதது என்று உண்டா?

உள்ளதை எழுது.

மாமா
சாமியப்பன்

*

பெங்களூரு
17 ஜனவரி 2025

மாமாவுக்கு,

பொங்கலுக்கு ஏன் வரவில்லை என்று அத்தை போனில் கேட்டார். வேலை என்றேன். அன்றைக்கு எனக்கு வேலை இல்லை. வாசல்வரை வந்து, பையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அத்தையிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பீர் என்பது ஒரே பொருளின் பெயர் இல்லை, மாமா. ஊரில் எல்லாவற்றையும் பனியன் கம்பெனி என்கிறோம். உள்ளே போனால் போலோ, ரவுண்ட் நெக், ஹூடி என்று ஒவ்வொன்றும் தனி ஸ்டைல். எங்கள் வேலையிலும் ஸ்டைல் என்ற அந்தச் சொல்தான். ஆர்டர் கொடுக்கும் பையர் போலோ கேட்டால் காலர் இருக்கும் என்று எதிர்பார்ப்பார். காலர் இல்லாமல் போனால் எத்தனை நல்ல துணியானாலும் திரும்பி வந்துவிடும். காலர் இருந்துவிட்டால் நிறத்திலும் நூலிலும் பட்டனிலும் உங்கள் கை விளையாடலாம். இங்கேயும் அப்படித்தான். லாகர் என்றால் தெளிந்த நிறம், லேசான கசப்பு. ஸ்டவுட் என்றால் கறுப்பு, வறுத்த காப்பிக்கொட்டை வாசம். பெயரைப் பார்த்ததும் வாய்க்கு என்ன வரப்போகிறது, எவ்வளவு ஏறும் என்று குடிப்பவருக்கு ஒரு கணக்கு கிடைக்க வேண்டும். நீங்கள் மெஷர்மென்ட் சார்ட்டில் அரை இன்ச் கூட, குறைய விடுவதுபோல எங்களுக்கும் கொஞ்சம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்துக்குள் நாங்கள் எதை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். எனக்கு இந்த வேலை பிடித்ததே அதனால்தான்.

கடைகளில் கிடைப்பதற்கு அப்படிப் பெயர் எதுவும் இல்லை. ஸ்ட்ராங் என்று ஒன்று, சாதா என்று ஒன்று. மக்கள் வாயில் இரண்டும் பீர்தான். பிரபாகர் குடித்தது ஸ்ட்ராங்காக இருந்தால், இரண்டு பெரிய பாட்டில் என்பது ஒரு குவார்ட்டர் பிராந்தியைவிட அதிகம். நிதானம் இருந்திருக்காது. நிதானம் இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கும். பிராந்தி குடித்திருந்தால் காரை எடுத்திருக்க மாட்டாரோ என்னவோ. பீர்தானே என்று எடுத்திருக்கிறார். அவர் உங்களிடம் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். எனக்குத் தாங்க முடியாமல் இருப்பதும் அதுதான்.

வேலைக்குத் திரும்பியதிலிருந்து, எங்கள் இடத்துக்கே குடிக்க வருகிறவர்கள் பார்த்துக் கேட்கும் பலகையில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் எவ்வளவு ஏறும் என்று பெரிய எழுத்தில் எழுதி வைக்கிறேன். முதலாளி டேனியலுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் அழிக்கச் சொல்லவில்லை.

இந்தப் பெயர்களெல்லாம் பிரகாஷுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். புதிதாக எதைச் செய்தாலும் முதல் டம்ளர் அவருக்குத்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்துவிட்டு, இது இன்ன ஸ்டைல் என்று சொல்வார். தப்பாகச் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். நீதான் தப்பாகச் செய்திருக்கிறாய் என்பார்.

காது மருந்தை மறக்காமல் விடுங்கள்.

தமிழ்மதி

*

நல்லூர்
2 பிப்ரவரி 2025

தமிழ்மதிக்கு,

உன் கடிதத்தில் மற்றதையெல்லாம் ஒருமுறை படித்தேன். கடைசியில் பிரகாஷ் டம்ளரை வாங்கிக் குடித்ததாக எழுதியிருக்கிறாயே, அதை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அவன் குடிப்பான் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்து எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியாது. காப்பிக்கே சர்க்கரை கேட்டு வாங்கும் பையன் என்றுதான் அவனை வைத்திருந்தேன்.

போன கடிதத்தில் பிரபாகரைப் பற்றிக் கேட்டேன். நான் கேட்க வந்தது அதுவல்ல. தைரியம் இல்லாமல் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல், பைக்கில் வந்தவரும் குடித்திருந்தார் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார். பெருமாநல்லூரில் அடிபட்ட இடத்தில் அவனைத் தூக்கியவர்கள் யாரோ வாசம் அடித்ததாகச் சொன்னார்களாம். நம் வக்கீல் கோபமாக எழுந்து மறுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏனென்றால் எனக்குத் தெரியும் கண்ணு. ஆஸ்பத்திரியில் அவன் சட்டையை அறுத்து எடுத்து என் கையில் கொடுத்தார்கள். ரத்த வாசத்துக்கு மேலே அந்த வாசம் இருந்தது. புளித்த வாசம். முதுகுப் பக்கம் முழுக்க ஈரம். யாரும் பார்க்கும் முன் சுருட்டிக் கொண்டுவந்து, கொல்லைப்புறக் குழாயில் நானே அலசினேன். அவன் அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்பது ஒன்றுதான் அப்போது மனசில் இருந்தது. மகன் போய்விட்டான் என்று அழுவதற்கு முன்னால் நான் செய்த வேலை அது.

அதற்குப் பிறகு அவனை நினைத்தால் அவன் முகம் சரியாக வருவதில்லை. போன வருஷம் தேருக்கு வந்தபோது மொட்டை மாடியில் தனியாக நின்றானே, அதற்காகத்தானா? கல்யாண வீட்டில் அத்தனை சத்தமாகச் சிரித்தானே, அதுவும் அதனால்தானா? பிறந்ததிலிருந்து பார்த்த பையனை ஒவ்வொரு நாளாக எடுத்து மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ரத்தத்தைப் பரிசோதித்த அறிக்கை இன்னும் வரவில்லை. அது வருவதற்கு முன்னால் உன்னிடமிருந்து தெரிய வேண்டும். அன்றைக்குக் குடித்துவிட்டுத்தான் வண்டி ஓட்டினானா? என் மனசு ஆறட்டும் என்று இல்லை என்று எழுதாதே.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை.

சாமியப்பன்

*

பெங்களூரு
7 பிப்ரவரி 2025

மாமா,

அவர் குடித்திருக்கவில்லை. உங்கள் மனசு ஆறுவதற்காக இதை எழுதவில்லை. நடந்ததை முழுக்கச் சொல்கிறேன்.

அதற்கு முந்தின மாதம் ஊருக்கு வந்திருந்தபோது நீங்கள் அவரிடம் ஒன்று கேட்டீர்களாம். "அந்தப் புள்ள அங்க அப்படி என்னதான்டா பண்ணுது?" என்று. திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் சொன்னார். "அப்பா கேட்டுட்டாரு, தமிழு. ரெண்டு வருசம் கழிச்சு வாயத் தொறந்து கேட்டுட்டாரு" என்று. அதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்டேன். வாயால் சொன்னால் அப்பாவுக்கு விளங்காது என்றார்.

அந்தச் சமயத்தில் நான் புதிதாக ஒன்று செய்துகொண்டிருந்தேன். ஜெர்மனியில் பெர்லின் பக்கம் வெகு காலமாகச் செய்யும் ஒரு ஸ்டைல். கோதுமையில் செய்வது. புளிப்பாக இருக்கும், உடம்பு லேசு, போதை மிகக் குறைவு. அந்த மூன்றும் இருந்தால் போதும், மீதி இடம் செய்கிறவருடையது. நான் கோதுமையில் கால்வாசியை எடுத்துவிட்டுக் கம்பு போட்டேன். பொங்கலூரில் எங்கள் சித்தப்பா காட்டுக் கம்பு.

பலகையில் வெறுமனே கோதுமை பீர் என்று எழுதிவிட்டார்கள். கோதுமை பீர் என்றால் வாழைப்பழ வாசமும் கொஞ்சம் இனிப்பும் இருக்கும் என்று நினைத்துத்தான் வாங்குவார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, கெட்டுப்போய்விட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். டேனியல் கொட்டிவிடலாம் என்றார். நான் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். பிரகாஷ்தான் சொன்னார், "உள்ள இருக்கறது சரியாத்தான் இருக்குது. நீ பேரை மாத்து." மறுநாள் புளிப்பு பீர் என்று எழுதினேன். அதே தொட்டி, அதே டம்ளர். முதல் நாள் முகத்தைச் சுளித்தவர்களில் ஒருவர் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார்.

அதன் முதல் டம்ளரைக் கொடுத்த அன்றைக்கு பிரகாஷ் ஒரு வாய் குடித்துவிட்டு எந்த ஸ்டைலும் சொல்லவில்லை. "இது எங்கப்பா காலையில குடிக்கற கம்மங்கூழ்த் தண்ணியாட்டவே இருக்குது" என்றார். நீங்கள் கம்பெனிக்குப் போகும் வழியில் தள்ளுவண்டியில் நின்று குடிப்பீர்களாமே. ஒரு பாட்டில் கொண்டுபோகிறேன், அப்பா குடிக்காவிட்டாலும் மோந்து பார்க்கட்டும், நீ என்ன செய்கிறாய் என்று அதிலேயே தெரிந்துகொள்வார் என்றார்.

தொட்டியிலிருந்து பாட்டிலில் பிடித்தது நான். அவருடைய பழைய டீ-சர்ட்டில் சுற்றி, முதுகுப் பையில் துணிகளுக்கு நடுவே வைத்ததும் நான். விடிவதற்குள் கிளம்பினார். இட்லிகூட வேண்டாம், சேலத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். குடிப்பது பற்றிக் கேட்டீர்கள். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, ஒரு டம்ளர். வண்டி எடுக்க வேண்டும் என்றால் முதல் நாளே வேண்டாம் என்றுவிடுவார். எத்தனையோ தடவை எனக்குக் கோபம் வந்திருக்கிறது, ஒரு வாய் பார்த்துவிட்டுச் சொல்லுங்களேன் என்று. சொன்னால் சொன்னதுதான்.

அந்தப் பாட்டில் உடைந்திருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பை போலீஸிடம் இருக்கிறது என்றார்கள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. நீங்கள் அலசியது அதைத்தான், மாமா. உங்களுக்காக வந்தது அது.

அறிக்கை வரும். அதிலும் இதுதான் இருக்கும். ஆனால் அந்தக் காகிதத்துக்கு முன்னால் நீங்கள் நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நான் அதைக் கொடுத்தனுப்பாமல் இருந்திருந்தால் நீங்கள் அவரை நினைத்து நல்லபடியாக அழுதிருக்கலாம். அதைக் கெடுத்துவிட்டேன்.

தமிழ்மதி

*

நல்லூர்
20 பிப்ரவரி 2025

கண்ணு தமிழ்மதிக்கு,

நீ எழுதியதைப் படித்து முடித்தபோதே நம்பிவிட்டேன். நம்பிய பிறகுதான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். நீ சொன்னதைச் சரிபார்க்கப் போனதாக நினைத்துவிடாதே. இத்தனை நாள் அந்தப் பையைக் கண்ணால் பார்க்கவே பயந்து கிடந்தேன். இனிப் பயமில்லை என்று தோன்றியது, போனேன்.

கேஸ் முடியும்வரை கையில் தர மாட்டார்களாம். பார்க்க மட்டும் விட்டார்கள். கான்ஸ்டபிள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நீ சுற்றிக் கொடுத்த டீ-சர்ட் அட்டைபோலக் காய்ந்திருந்தது. பிரித்தால் உள்ளே எல்லாம் கண்ணாடித் துண்டு. துணியைக் குனிந்து மோந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. கான்ஸ்டபிள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது பிரகாஷ் காலேஜ் படிக்கும்போது நான் மீந்த துணியில் வெட்டிக் கொடுத்த டீ-சர்ட். அதன் கை வெட்டிய வளைவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து உன் அத்தையிடம் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அவளுக்கு எதுவும் தெரியாது, முதலிலிருந்து பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, "அன்னைக்கு ஆஸ்பத்திரியில சட்டையக் குடுத்தாங்கல்ல" என்று ஆரம்பித்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. நீங்க அலசிக் காயப்போட்டதுக்கப்புறமும் வாசம் போகலீங்க. நீங்க தூங்குனதுக்கப்புறம் நான் இன்னொருக்கா அலசிப் போட்டனுங்க."

ஒரே ஊட்டுக்குள் இருந்துகொண்டு, அவளுக்குத் தெரியக் கூடாது என்று நானும், எனக்குத் தெரியக் கூடாது என்று அவளும். ஒரே தட்டில் சோறு போட்டுக் கொடுத்து, ஒரே போட்டோவுக்குப் பூ வைத்துக்கொண்டு.

நான் உன் கடிதத்தை எடுத்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். கம்பு போட்டது, பேரை மாற்றியது, எனக்காகக் கொண்டுவந்தது எல்லாவற்றையும். கேட்டு முடித்ததும் சிவன்மலையைப் பற்றிச் சொன்னாள். அவள் கிருத்திகைக்குக் கிருத்திகை சிவன்மலைக்குப் போய்வருவது உனக்குத் தெரியும். அங்கே போய் மகனை நினைத்து அழுதுவிட்டு வருகிறாள் என்று இருந்தேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டிவிட்டான், புத்தியில்லாமல் செய்துவிட்டான், போன இடத்தில் அவனை அதற்காகத் தண்டித்துவிடாதே என்று முருகனிடம் கேட்டு வந்திருக்கிறாள். அத்தனை மாதமும் அதைத்தான் கேட்டிருக்கிறாள்.

"அப்ப எம்பையன் பண்ணாத தப்ப நானே போய்ச் சாமிகிட்டச் சொல்லியிருக்கறனுங்களா?" என்று கேட்டாள்.

அறிக்கை இன்னும் வரவில்லை. நான் அதற்காகக் காத்திருக்கவில்லை. வக்கீலிடம் பையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பார்த்துக்கொள்கிறேன் என்றார். பிரபாகரைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்றும் தீரவில்லை. அவனைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது காலையில் எழுந்திருப்பது சுலபமாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

கொடுத்தனுப்பியது தப்பு என்று எழுதியிருக்கிறாய். மறுபடி அப்படி எழுதாதே. நேற்று பக்கத்து யூனிட் கதிர்வேல், மருமகள் எந்தக் கம்பெனியில் இருக்கிறாள் என்று பேச்சுவாக்கில் கேட்டான். பீர் தயாரிக்கிறாள் என்றேன். அவன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். கோதுமையில் கம்பு கலந்து ஒன்று செய்தாள், அங்கே ஆட்கள் கேட்டு வாங்கிக் குடித்தார்கள் என்றும் சொன்னேன்.

அதை இன்னும் செய்கிறாயா?

உன் அத்தை உன்னை வரச் சொல்லச் சொன்னாள். காரியத்தன்றைக்கு வந்தவள், அதோடு வரவேயில்லை. அவளுக்கு உன்னைப் பார்க்க வேண்டுமாம். எனக்கும்.

மாமா
சாமியப்பன்

*

பெங்களூரு
26 பிப்ரவரி 2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தொட்டி அறையில் நின்றுகொண்டு படித்தேன். அத்தை கேட்டதைப் படித்த பிறகு வேலை ஓடவில்லை. டேனியல் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

அதை நான் இப்போது செய்வதில்லை. ஆகஸ்ட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று பேர் வந்து கேட்டார்கள். தீர்ந்துவிட்டது என்று சொல்கிறேன். சித்தப்பா அனுப்பிய கம்பு ஸ்டோரில் அப்படியே இருக்கிறது. மற்றதெல்லாம் செய்கிறேன், நன்றாகவே வருகிறது. லாகர் லாகராக இருக்கிறது, ஸ்டவுட் ஸ்டவுட்டாக இருக்கிறது, ஒருவரும் திருப்பி அனுப்புவதில்லை. புதிதாக எதையும் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. முதல் டம்ளரை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

நான் ஏன் வரவில்லை என்று நீங்களும் அத்தையும் ஒருநாளும் குறையாகக் கேட்டதில்லை. நானே சொல்கிறேன். அன்றைக்கு அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருசனைப் பறிகொடுத்தவள் எப்படி அழுவாளோ அப்படி அழுவேன் என்று எதிர்பார்த்தார்கள். எனக்கு வரவில்லை, மாமா. ஒரு சொட்டு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பழனாயி அக்கா பின்னால் நின்று, பெங்களூர்க்காரி, கல்லாட்டம் உக்காந்திருக்கறா என்றார். சாராயம் காய்ச்சுகிற கைதானே என்று இன்னொருவர் சொன்னார். உங்கள் உணவு கம்பெனியை யாரும் நம்பியிருக்கவில்லை. அத்தை காதில் விழுந்ததா என்று தெரியாது. அதன் பிறகு அந்த வீட்டு வாசலை நினைத்தாலே அந்தக் கண்கள்தான் முன்னால் வந்தன. இங்கே வந்த பிறகும் அழுகை வரவில்லை. எனக்குள்ளேயே ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தையிடம் ஒன்று சொல்லுங்கள். அவர் பழி எதுவும் சொல்லவில்லை. பிள்ளை தப்பே செய்திருந்தாலும் விடமாட்டேன் என்றுதான் போய் நின்றிருக்கிறார். என் அம்மா எனக்காக அப்படிப் போய் நிற்பாரா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். பஸ்ஸில் வந்தால் பெருமாநல்லூரில்தான் இறங்க வேண்டும். என்னால் முடியாது. சனிக்கிழமை காலையில் திருப்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன். ஸ்டேஷனுக்கு வந்து காத்திருக்க வேண்டாம்.

கையில் எதுவும் கொண்டுவரவில்லை.

அன்றைக்கு மட்டும் வேறு யாரையும் கூப்பிடாதீர்கள். பிரகாஷ் படுக்கும் அறையைத் திறந்து வையுங்கள். வந்ததும் நேராக அதற்குள் போய்விடுவேன். காப்பி குடி, சாப்பிடு என்று கதவைத் தட்ட வேண்டாம். அழுது முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தை உள்ளே வர நினைத்தால் வரட்டும். கதவைத் தாழ்ப்பாள் போட மாட்டேன்.

தமிழ்மதி